ரீஃபண்ட் மெயில் வந்திருக்கா? லிங்க்கை தொடறதுக்கு முன்னாடி படிங்க, தொட்டுட்டீங்கன்னாலும் படிங்க

ரிட்டர்ன் ஃபைல் பண்ற சீசன் முடிஞ்சுதுன்னா போதும், "உங்க இன்கம் டேக்ஸ் ரீஃபண்ட் அப்ரூவ் ஆகிடுச்சு, பேங்க் விவரத்தை உறுதி பண்ணுங்க"ன்னு மெயில் வர ஆரம்பிச்சிடும். வருஷா வருஷம் நடக்குது, வருஷா வருஷம் ஆள் மாட்டறாங்க. மாட்டறவங்க ஏமாளிங்க இல்ல, அந்த நேரத்துல நிஜமாவே நாடு முழுக்க நிறைய பேர் ரீஃபண்ட் எப்ப வரும்னு எதிர்பாத்துக்கிட்டு இருக்காங்க, அவங்க மனசுல ஏற்கனவே இருக்கிற கேள்விக்கு பதில் மாதிரி அந்த மெயில் வந்து நிக்குது, கை தானா லிங்க்குக்கு போயிடுது. என்கிட்ட ரிட்டர்ன் போட வர்ற அக்கம்பக்கத்துக்காரங்க நிறைய பேர் ஃபோனை நீட்டி "இது நிஜமா பாருங்களேன்"னு கேக்கறாங்க, அவங்களுக்கு வாயால சொல்றதை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னுதான் இது.

முதல்ல முக்கியமானதை சொல்லிடறேன். மெயில் நிஜமா போலியான்னு கண்டுபிடிக்கறது உங்க வேலையே இல்ல. மெயில் வழியா உள்ள போகாம இருக்கறதுதான் உங்க வேலை. ரீஃபண்ட் பத்தி மெயில் வந்ததா, மெயிலை மூடுங்க, ப்ரவுசரை தொறந்து இன்கம்டேக்ஸ் டாட் கவ் டாட் இன்னு நீங்களே டைப் பண்ணி லாகின் பண்ணுங்க. "இ-ஃபைல்" மெனுல "இன்கம் டேக்ஸ் ரிட்டர்ன்ஸ்", அதுக்குள்ள "வியூ ஃபைல்டு ரிட்டர்ன்ஸ்" போனா உங்க ரிட்டர்ன் எந்த நிலைமைல இருக்கு, ரீஃபண்ட் இஷ்யூ ஆச்சா இல்லையான்னு அங்கயே தெரிஞ்சிடும். அங்க ஒண்ணும் இல்லைன்னா மெயில்ல என்ன எழுதியிருந்தாலும் சரி, ஒண்ணும் இல்ல. மெயில் நிஜமாவே இருந்தாலும் இப்படி போறதால உங்களுக்கு நஷ்டம் ஒரு நிமிஷம்தான். பேங்க், கூரியர், கரண்ட் பில், ஓடிடி, எல்லாத்துக்கும் இதே வழிதான்.

இப்ப ஒரு போலி மெசேஜை கிட்டப் போய் பாப்போம். 2023ல ஒரு மெசேஜ் நாடு முழுக்க சுத்துச்சு, உங்களுக்கு 15,490 ரூபாய் ரீஃபண்ட் அப்ரூவ் ஆகியிருக்கு, உங்க அக்கவுண்ட் நம்பர் இதுதானான்னு பாருங்க, தப்பா இருந்தா கீழே இருக்கிற லிங்க்ல போய் மாத்துங்கன்னு. அது பொய்னு மத்திய அரசோட பிஐபி ஃபேக்ட் செக்கே அறிவிச்சாங்க. அதை எவ்வளவு யோசிச்சு எழுதியிருக்கான் பாருங்க. 15,000னு முழுசா போடல, 15,490ன்னு போட்டிருக்கான், கணக்கு போட்டு வந்த தொகை மாதிரியே இருக்கு. அக்கவுண்ட் நம்பரை பாதி மறைச்சு காட்டறான், நிஜ பேங்க் மெசேஜ்ல அப்படித்தான் வரும். ஆனா அந்த நம்பர் உங்களோடது கிடையாது. உங்களோடது இல்லைன்னு பாத்ததும் "ஐயய்யோ என் பணம் வேற யார் அக்கவுண்டுக்கோ போகப்போகுதே"ன்னு பதறுவீங்க இல்ல, அந்தப் பதட்டத்துக்குத்தான் அந்த தப்பான நம்பர். பேராசையால க்ளிக் பண்றாங்கன்னு சொல்றவங்க இதை கவனிக்கறதே இல்ல, நிறைய பேர் தன் பணத்தை காப்பாத்திக்கணும்னுதான் க்ளிக் பண்றாங்க.

நிஜத்துல ரீஃபண்ட் எப்படி வரும்னு தெரிஞ்சா இந்த மெயில் தானா உதிர்ந்துடும். போர்ட்டல்ல, அதாவது மேல சொன்ன வருமான வரி சைட்ல, நீங்க ஏற்கனவே வேலிடேட் பண்ணி, ரீஃபண்டுக்குன்னு தேர்ந்தெடுத்து வெச்ச பேங்க் அக்கவுண்டுக்குத்தான் பணம் வரும். அந்த அக்கவுண்ட்ல ஏதாவது கோளாறுன்னா ரீஃபண்ட் ஃபெயில்னு போர்ட்டல்லயே காட்டும், "சர்வீசஸ்" மெனுல ரீஃபண்ட் ரீஇஷ்யூ போட்டா போதும். கார்டு நம்பர், சிவிவி, ஏடிஎம் பின், நெட் பேங்கிங் பாஸ்வேர்ட், இதெல்லாம் பணம் உங்ககிட்ட இருந்து வெளிய போறதுக்கு தேவைப்படற சமாச்சாரம், உள்ள வர்றதுக்கு எதுவுமே தேவையில்ல. வருமான வரித் துறை இதையெல்லாம் மெயில்ல கேக்கவே மாட்டோம்னு அவங்க சைட்லயே எழுதி வெச்சிருக்காங்க.

நிஜ மெயிலும் வரும், அதான் இதுல குழப்பமே. ரிட்டர்ன் ப்ராசஸ் ஆனதும் 143(1) இன்டிமேஷன்னு, துறை உங்க ரிட்டர்னை சரிபாத்து போட்ட கணக்கைச் சொல்ற ஒரு பிடிஎஃப் மெயில்ல வரும், அதை தொறக்க பாஸ்வேர்ட் வேணும், உங்க பான் நம்பரை சின்ன எழுத்துல போட்டு பக்கத்துல பிறந்த தேதியை எட்டு இலக்கமா சேத்தா தொறக்கும். அதுல கணக்கு மட்டும்தான் இருக்கும், இங்க அழுத்தி கார்டு விவரம் குடுங்கன்னு எதுவும் இருக்காது. நோட்டீஸ், ஆர்டர் மாதிரி வந்தா அதுல டிஐஎன்னு ஒரு டாக்குமெண்ட் நம்பர் இருக்கணும், 2019 அக்டோபர் 1ல இருந்து இது நடைமுறைல இருக்கு. போர்ட்டலோட முதல் பக்கத்துலயே நோட்டீஸ் உண்மையான்னு சரிபாக்கறதுக்கு ஒரு லிங்க் இருக்கு, லாகின் கூட வேண்டாம், அந்த நம்பரைப் போட்டு துறை அனுப்பினதுதானான்னு பாத்துக்கலாம். நோட்டீஸ்னதும் கை நடுங்கற எல்லாருக்கும் நான் முதல்ல சொல்றது இதைத்தான்.

சரி, இருந்தாலும் மெயிலை பாத்து ஓரளவு அடையாளம் கண்டுபிடிக்கணும்னு கேப்பீங்க. முன்னாடி எல்லாம் எழுத்துப்பிழை இருந்தா போலின்னு சொல்லுவாங்க. அதை இனிமே நம்பாதீங்க. ஏஐ வந்ததுக்கு அப்புறம் திருடனும் சுத்தமா எழுதறான், லோகோ எல்லாம் நிஜ சைட்ல இருந்தே எடுத்து ஒட்டறான், உங்க பேர், பான் நம்பர் கூட ஏதோ ஒரு டேட்டா கசிவுல இருந்து எடுத்து போட்டிருப்பான். பேர் சரியா இருக்கேன்னு நம்பிடாதீங்க.

பாக்க வேண்டியது அட்ரஸ். ஃபோன்ல ஜிமெயில் தொறந்தா அனுப்பினவர் பேர் மட்டும்தான் பெருசா தெரியும், அந்தப் பேரை யார் வேணா என்ன வேணா வெச்சுக்கலாம், "இன்கம் டேக்ஸ் டிபார்ட்மெண்ட்"னு நானும் வெச்சுக்கலாம் நீங்களும் வெச்சுக்கலாம். பேருக்கு கீழ "டு மீ"ன்னு சின்னதா இருக்கும், அதை தட்டினா முழு மெயில் ஐடி தெரியும். அதுல அட் குறிக்கு அப்புறம் இருக்கறதுதான் முக்கியம்.

லிங்க்ல அட்ரஸ் பாக்கறது எப்படின்னு கொஞ்சம் பொறுமையா சொல்றேன், ஏன்னா இதை ஒரு தடவை புரிஞ்சுக்கிட்டா ஆயுசுக்கும் உதவும். கம்ப்யூட்டர்ல மவுஸை லிங்க் மேல வெச்சா, அழுத்தாம சும்மா வெச்சா, கீழ ஓரத்துல போற இடம் தெரியும். ஃபோன்ல லிங்க்கை அழுத்திப் பிடிச்சா அட்ரஸ் ஒரு பெட்டில வரும், ஆனா கை தவறி தொறந்துடும்னு பயமா இருந்தா ஃபோன்ல இந்த வேலையே வேண்டாம். அட்ரஸ் தெரிஞ்சதும் ஆரம்பத்துல இருக்கிற ரெண்டு சாய்வுக்கோட்டை விட்டுட்டு, அதுக்கு அப்புறம் வர்ற முதல் ஒத்தை சாய்வுக்கோடு எங்க இருக்குன்னு பாருங்க. அங்க இருந்து பின்னாடி, அதாவது வலப்பக்கத்துல இருந்து இடப்பக்கமா படிங்க. இன்கம்டேக்ஸ் டாட் கவ் டாட் இன், அப்புறம் சாய்வுக்கோடுன்னு இருந்தா அது அரசாங்க சைட். இன்கம்டேக்ஸ் டாட் கவ் டாட் இன் டாட் ரீஃபண்ட்-ஏதோ-ஒண்ணு டாட் காம், அப்புறம் சாய்வுக்கோடுன்னு இருந்தா அந்த சைட்டோட சொந்தக்காரன் அந்த ரீஃபண்ட்-ஏதோ-ஒண்ணு டாட் காம் வெச்சிருக்கறவன். முன்னாடி இருக்கிற அரசாங்கப் பேர் சும்மா அலங்காரம். ஃபோன்ல அட்ரஸ் பட்டை சின்னது, முதல் பாதி மட்டும்தான் கண்ணுல படும்னு தெரிஞ்சுதான் அப்படி நீளமா வெக்கறான். ஆங்கிலத்துல எல் எழுத்துக்கு பதிலா 1, ஓ எழுத்துக்கு பதிலா 0, எம் எழுத்துக்கு பதிலா ஆர், என் ரெண்டையும் ஒட்டி வெக்கறதுன்னு கண்ணை ஏமாத்தற வேலையும் உண்டு.

பேங்க் சைட்டுக்கு இப்ப ஒரு நல்ல அடையாளம் கிடைச்சிருக்கு. பேங்க்குங்க எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள்ள டாட் பேங்க் டாட் இன்னு முடியற அட்ரஸுக்கு மாறணும்னு ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு, உதாரணத்துக்கு எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன். இப்படி முடியற அட்ரஸை பேங்க்குக்கு மட்டும்தான் குடுப்பாங்க, கண்டவன் போய் வாங்க முடியாது. ஆனா பேங்க்ங்கற வார்த்தைக்கு முன்னாடி புள்ளி இருக்கணும், அதை பாத்துக்கோங்க. புள்ளிக்கு பதிலா நடுவுல ஒரு சின்ன கோடு போட்டோ, இல்ல பேரையும் பேங்க்கையும் ஒட்டியோ வெறும் டாட் இன் வாங்கி வெச்சிருந்தா அது வேற ஆளு.

பூட்டு படம் இருந்தா பாதுகாப்பான சைட்னு இன்னும் சில பேர் சொல்லிக்கிட்டு இருக்காங்க, தயவுசெஞ்சு அதை விட்டுடுங்க. அந்தப் பூட்டு சொல்றது உங்களுக்கும் சைட்டுக்கும் நடுவுல யாரும் எட்டிப் பாக்க முடியாதுன்னு மட்டும்தான், சைட் வெச்சிருக்கறவன் நல்லவனா திருடனான்னு அது சொல்லாது. அந்த சர்டிஃபிகேட் இப்ப ஓசிலயே கிடைக்குது, திருட்டு சைட்லயும் இருக்கும். இந்தக் குழப்பம் வேண்டாம்னுதான் 2023ல குரோமே அந்தப் பூட்டு படத்தை எடுத்துட்டு வேற குறி போட்டுச்சு.

கண்ணை விட நம்பகமான ஒரு ஆள் உங்க ஃபோன்லயே இருக்கான், பாஸ்வேர்ட் மேனேஜர். குரோம்லயோ ஐஃபோன்லயோ பாஸ்வேர்டை சேவ் பண்ணி வெச்சிருந்தீங்கன்னா நிஜ சைட் போனதும் தானா நிரப்பித் தரும். போலி சைட் அச்சு அசலா அதே மாதிரி இருந்தாலும் அட்ரஸ் வேறங்கறதால அது வாயைத் தொறக்காது. எப்பவும் வர்ற பாஸ்வேர்ட் இன்னைக்கு ஏன் வரலன்னு தோணுச்சுன்னா கையால டைப் பண்ண ஆரம்பிக்காதீங்க, அங்கயே நில்லுங்க.

பெரிய இடத்துல இருக்கறவங்களும் மாட்டியிருக்காங்க. 2016 மார்ச் மாசம் ஹிலாரி கிளிண்டனோட தேர்தல் பிரச்சாரக் குழுத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு கூகுள் அனுப்பின மாதிரியே ஒரு மெயில் வந்துச்சு, உங்க பாஸ்வேர்ட் யார்கிட்டயோ மாட்டிடுச்சு, உடனே மாத்துங்கன்னு. அவங்க சந்தேகப்பட்டு கம்ப்யூட்டர் ஆள்கிட்ட கேட்டாங்க, சரியான வேலைதான். அந்த ஆள் பாஸ்வேர்டை மாத்திடுங்கன்னு பதில் போட்டு, மாத்தறதுக்கு கூகுளோட நிஜ லிங்க்கையும் அந்த பதில்லயே குடுத்தார், ஆனா வந்த மெயில் நிஜம்தான்னு ஒரு வரியையும் எழுதிட்டார், நிஜம் இல்லைன்னுதான் எழுத நினைச்சேன்னு பிற்பாடு சொன்னார். கடைசில அழுத்தினது பழைய மெயில்ல இருந்த லிங்க்கை. அந்த வருஷம் அக்டோபர்ல அவரோட ஆயிரக்கணக்கான மெயில் விக்கிலீக்ஸ்ல வெளியாச்சு. சரியான லிங்க் கைலயே இருந்தும் மெயில்ல இருந்த லிங்க்கை அழுத்தினதுதான் அங்க நடந்தது. அதனாலதான் நிஜமா போலியான்னு ஆராய்ச்சி பண்ணாதீங்க, வழியை மாத்துங்கன்னு இவ்வளவு தூரம் சொல்றேன்.

வியாபாரம் பண்றவங்களுக்கு இதுல தனி ஆபத்து இருக்கு. வழக்கமா சரக்கு அனுப்பற பார்ட்டி கிட்ட இருந்து "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு, இனிமே இந்த அக்கவுண்ட்ல போடுங்க"ன்னு பில்லோட மெயில் வரும். லிங்க்கும் கிடையாது வைரஸும் கிடையாது, சும்மா ஒரு அக்கவுண்ட் நம்பர்தான். லிதுவேனியாவை சேர்ந்த எவால்டாஸ் ரிமசாஸ்கஸ்னு ஒருத்தன் 2013ல இருந்து 2015 வரைக்கும் தைவான்ல இருக்கிற குவாண்டா கம்பெனி பேர்ல போலி பில் அனுப்பி கூகுள், ஃபேஸ்புக் ரெண்டு பேர்கிட்டயும் சேத்து 10 கோடி டாலருக்கு மேல வாங்கிட்டான், 2019 டிசம்பர்ல அவனுக்கு அமெரிக்க கோர்ட்டு 5 வருஷம் ஜெயில் குடுத்துச்சு. அவ்வளவு பெரிய கம்பெனி அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்டே பணத்தை அனுப்பிச்சுன்னா, திருப்பூர்லயும் சிவகாசிலயும் ஒரே ஆளு பில்லிங்கும் பாத்து பேங்க்கும் பாக்கற கம்பெனில என்ன ஆகும்னு யோசிங்க. இதுக்கு மருந்து ஒண்ணுதான், அக்கவுண்ட் நம்பர் மாறுச்சுன்னா பணம் போடறதுக்கு முன்னாடி அந்த பார்ட்டிக்கு ஃபோன் பண்ணுங்க, மெயில்ல இருக்கிற நம்பருக்கு இல்ல, நீங்க முன்னாடியே சேவ் பண்ணி வெச்சிருக்கிற நம்பருக்கு. முதலாளியே அவசரப்படுத்தினாலும் இதை விடாதீங்க, முதலாளி பேர்லயும் மெயில் வரும்.

பயமுறுத்தற மெயில் ரெண்டு வகை பத்தி சுருக்கமா. ஒண்ணு, போலீஸ், சிபிஐ, சைபர் க்ரைம்னு சீல் எல்லாம் போட்ட பிடிஎஃப், நீங்க ஆபாசப்படம் பாத்தது பதிவாகியிருக்கு, 24 மணி நேரத்துல பதில் போடலன்னா கைதுன்னு. எந்த போலீஸும் மெயில்ல அப்படி மிரட்டி விளக்கம் கேட்டுட்டு கேஸை முடிக்காது. இன்னொண்ணு, உங்க கேமராவை ஹேக் பண்ணி வீடியோ எடுத்துட்டேன், பிட்காயின் அனுப்புன்னு. அதுல உங்க பழைய பாஸ்வேர்டையும் எழுதியிருப்பான், அது எப்பவோ ஏதோ ஒரு சைட்ல இருந்து கசிஞ்ச லிஸ்ட்ல இருந்து எடுத்தது, பொதுவா வீடியோன்னு அவன்கிட்ட எதுவும் இருக்காது. ரெண்டுக்கும் பதில் போடாதீங்க. அந்தப் பாஸ்வேர்டை இன்னும் எங்கயாவது வெச்சிருந்தா மட்டும் உடனே மாத்துங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், க்ளிக் பண்ணிட்டீங்க, என்ன பண்ணணும். எல்லாருக்கும் ஒரே மருந்து கிடையாது, எவ்வளவு தூரம் போனீங்கங்கறதைப் பொறுத்துதான்.

மெயிலை தொறந்தீங்க அவ்வளவுதான்னா பயப்பட ஒண்ணும் இல்ல. லிங்க் தொறந்து பக்கம் வந்ததும் சந்தேகப்பட்டு மூடிட்டீங்க, எதையும் டைப் பண்ணலன்னா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, ஏதாவது ஃபைல் டவுன்லோட் ஆகியிருக்கான்னு மட்டும் பாத்து தொறக்காமலே அழிச்சிடுங்க, ஃபோன்லயும் ப்ரவுசர்லயும் அப்டேட் இருந்தா போட்டுடுங்க.

பாஸ்வேர்ட் குடுத்துட்டீங்கன்னா உடனே நிஜ சைட்டுக்கு போய் மாத்துங்க, அதே பாஸ்வேர்டை வேற எங்க எங்க வெச்சிருக்கீங்களோ அங்கயும் மாத்துங்க. குடுத்தது மெயில் பாஸ்வேர்டா இருந்தா மத்த வேலையை எல்லாம் ஒதுக்கி வெச்சுட்டு இதை முதல்ல பாருங்க, ஏன்னா மெயில் அவன் கைல இருந்தா "ஃபர்காட் பாஸ்வேர்ட்" போட்டு மத்த அக்கவுண்ட்டை ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டே போவான். பாஸ்வேர்ட் மாத்தறதோட நிறுத்தாதீங்க. கூகுள் அக்கவுண்ட்ல "செக்யூரிட்டி" போய் எந்தெந்த ஃபோன், கம்ப்யூட்டர்ல லாகின் ஆகியிருக்குன்னு பாத்து தெரியாததை எல்லாம் வெளிய தள்ளுங்க, ரெக்கவரி ஃபோன் நம்பரும் ரெக்கவரி மெயிலும் உங்களோடதுதானான்னு பாருங்க, எந்த ஆப்புக்கு எல்லாம் அனுமதி குடுத்திருக்குன்னும் பாருங்க. அப்புறம் ஜிமெயிலை கம்ப்யூட்டர்ல தொறந்து செட்டிங்ஸ்ல ஃபார்வேர்டிங், ஃபில்டர் ரெண்டையும் கட்டாயம் பாருங்க. இதை நிறைய பேர் விட்டுடறாங்க. பேங்க்னு வர்ற மெயில் எல்லாம் அவனுக்கு ஒரு காப்பி போற மாதிரியோ, இல்ல உங்க கண்ணுல படாம நேரா குப்பைக்கு போற மாதிரியோ ஒரு ஃபில்டர் போட்டு வெச்சிருந்தா, பாஸ்வேர்ட் மாத்தின பிறகும் அது பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும்.

கார்டு நம்பர், ஓடிபி, நெட் பேங்கிங் விவரம் குடுத்துட்டீங்க, இல்ல பணமே போயிடுச்சுன்னா உடனே ஃபோனை எடுங்க. சைபர் க்ரைம் உதவி நம்பர் 1930க்கு அடிங்க, அதே நேரத்துல வீட்டுல இன்னொருத்தர் பேங்க்குக்கு அடிக்கட்டும், கார்டை பிளாக் பண்ணுங்க, நெட் பேங்கிங், யுபிஐ ரெண்டையும் நிறுத்தச் சொல்லுங்க. பேங்க் நம்பரை கூகுள்ல தேடாதீங்க, அங்கயும் போலி கஸ்டமர் கேர் நம்பர் கிடக்கு, கார்டுக்கு பின்னாடியே நம்பர் அச்சடிச்சிருக்கும், அதுக்கு அடிங்க. 1930ல என்ன தேதி, எத்தனை மணி, எவ்வளவு தொகை, எந்த அக்கவுண்ட்ல இருந்து போச்சு, ட்ரான்சாக்ஷன் நம்பர் என்னன்னு கேப்பாங்க, பேங்க் எஸ்எம்எஸ்ஸை தொறந்து வெச்சுக்கோங்க. நீங்க சொன்ன உடனே அவங்க மூலமா, பணம் எந்த பேங்க்குக்கு போச்சோ அந்த பேங்க்குக்கு தகவல் போகும், பணம் இன்னும் அங்க இருந்தா நிறுத்தி வெப்பாங்க. திருடன் பணத்தை ஒரே இடத்துல வெக்க மாட்டான், அடுத்தடுத்த அக்கவுண்டுக்கு பிரிச்சு அனுப்பி ஏடிஎம்ல எடுத்துடுவான், அதனால முதல் ஒரு மணி நேரம் ரொம்ப முக்கியம். அப்புறம் சைபர்க்ரைம் டாட் கவ் டாட் இன் போய் முழு புகாரையும் பதிவு பண்ணி அந்த நம்பரை எழுதி வெச்சுக்கோங்க.

ஏதாவது ஆப் போட வெச்சுட்டான், இல்ல எனிடெஸ்க் மாதிரி ஒண்ணைப் போட்டு ஸ்க்ரீனை காட்டிட்டீங்கன்னா முதல்ல ஃபோனை ஏரோப்ளேன் மோடுல போடுங்க, வைஃபையும் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க, 1930க்கும் பேங்க்குக்கும் வேற ஃபோன்ல இருந்து பேசுங்க. அந்த ஃபோன்ல பாஸ்வேர்ட் மாத்தாதீங்க, மாத்தறதையும் அவன் பாத்துக்கிட்டு இருப்பான். நம்பர், ஃபோட்டோ எல்லாம் எடுத்து வெச்சுட்டு ஃபேக்டரி ரீசெட் பண்றதுதான் நல்லது.

ரிசர்வ் வங்கி விதி ஒண்ணு இருக்கு, 3 நாளைக்குள்ள சொன்னா முழு பணமும் கிடைச்சிடும்னு ஃபார்வேர்ட் மெசேஜ்ல சுத்துது. பாதி உண்மை. 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கைல வந்த அந்த விதிப்படி, தப்பு உங்க மேலயும் இல்லாம பேங்க் மேலயும் இல்லாம வேற எங்கயோ நடந்திருந்தா, 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா உங்களுக்கு நஷ்டம் கிடையாது. ஆனா ஓடிபியோ பின்னோ நீங்களே குடுத்திருந்தீங்கன்னா, நீங்க பேங்க்குக்கு சொல்ற வரைக்கும் போன பணம் உங்க தலைல, சொன்னதுக்கு அப்புறம் போற பணம் பேங்க் தலைல. அதனால முழு பணம் வருமா வராதான்னு யோசிச்சுக்கிட்டு உக்காராதீங்க, நீங்க ஃபோன் பண்ற நிமிஷம்தான் அந்தக் கோட்டை போடுது. புகார் குடுத்த நேரத்தை எழுதி வெச்சுக்கோங்க, புகார் நம்பர் வாங்காம ஃபோனை வெக்காதீங்க. 30 நாள்ல பேங்க் பதில் சொல்லலைன்னாலோ, சொன்ன பதில் உங்களுக்கு சரியா படலைன்னாலோ ரிசர்வ் வங்கியோட ஆம்புட்ஸ்மேன், அதாவது பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற அதிகாரி கிட்ட ஆன்லைன்லயே புகார் போடலாம், அதுக்கு காசு கிடையாது.

வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. எனக்குத் தெரிஞ்ச ஒரு ரிட்டயர்ட் வாத்தியார், இதே மாதிரி ரீஃபண்ட் மெயில்ல கார்டு விவரம் குடுத்து பணம் போனதும், பையனுக்கு தெரிஞ்சா திட்டுவான்னு வாயே தொறக்கல. கார்டை பிளாக் பண்ணாததால அடுத்த நாளும் பணம் போச்சு. அவரை அந்த ரெண்டாவது தடவை ஏமாத்தினது திருடன் மட்டும் இல்ல. அப்பா அம்மாவுக்கு ஃபோன் வாங்கிக் குடுக்கும்போதே "என்ன ஆனாலும் முதல்ல எனக்கு சொல்லுங்க, நான் கத்த மாட்டேன்"னு சொல்லி வெச்சிடுங்க, சொன்ன மாதிரியே கத்தாம இருங்க. 1930ஐ அவங்க ஃபோன்ல சேவ் பண்ணிக் குடுங்க, வருமான வரி போர்ட்டலையும் பேங்க் சைட்டையும் புக்மார்க் பண்ணிக் குடுங்க, கார்டுல ஆன்லைன் லிமிட்டையும் வெளிநாட்டு பரிவர்த்தனையையும் பேங்க் ஆப்லயே குறைச்சோ நிறுத்தியோ வெக்கலாம், தேவைப்படும்போது ஏத்திக்கலாம். மெயிலுக்கு டூ ஸ்டெப் போடுங்க, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல ஓடிபி மாதிரி இன்னொண்ணும் கேக்கறது, முடிஞ்சா பாஸ்வேர்டுக்கு பதிலா ஃபோன் லாக்கை வெச்சே லாகின் பண்ற பாஸ்கீ போடுங்க. ஓடிபியை போலி சைட்ல கேட்டு வாங்கிட முடியும், பாஸ்கீ அந்த நிஜ சைட்டைத் தவிர வேற இடத்துல வேலையே செய்யாது.

பணம் போனவங்க இன்னொண்ணும் எதிர்பாத்து இருக்கணும். கொஞ்ச நாள்ல "உங்க பணத்தை மீட்டுட்டோம், ப்ராசசிங் ஃபீஸ் மட்டும் கட்டுங்க"ன்னு சைபர் க்ரைம் பேர்லயோ வக்கீல் பேர்லயோ ஒருத்தன் வருவான். ஏமாந்தவங்க லிஸ்டையே விக்கறாங்க. புகாரோட நிலைமையை நீங்க பதிவு பண்ண போர்ட்டல்லயும் ஸ்டேஷன்லயும் மட்டும் கேளுங்க, பணத்தை திருப்பித் தர்றதுக்கு போலீஸ் ஃபீஸ் வாங்காது.

க்ளிக் பண்ணாதவங்களும் அந்த மெயிலை சும்மா டெலிட் பண்ணாம ஜிமெயில்ல மூணு புள்ளியை அழுத்தி "ரிப்போர்ட் ஃபிஷிங்" குடுங்க, ஃபோன் ஆப்ல அது இல்லைன்னா கம்ப்யூட்டர்ல பண்ணுங்க, இல்ல ஸ்பேம்னாவது போடுங்க. வருமான வரித் துறை பேர்ல வந்ததுன்னா வெப்மேனேஜர் அட் இன்கம்டேக்ஸ் டாட் கவ் டாட் இன்ங்கற ஐடிக்கு அனுப்புங்க, மத்திய அரசோட கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு, இன்சிடென்ட் அட் செர்ட்-இன் டாட் ஓஆர்ஜி டாட் இன்ங்கற ஐடிக்கும் ஒரு காப்பி போடுங்க. சும்மா ஸ்க்ரீன்ஷாட் மட்டும் அனுப்பினா மெயில் எங்க இருந்து கிளம்புச்சுன்னு அதுல தெரியாது, கம்ப்யூட்டர்ல மூணு புள்ளில "ஷோ ஒரிஜினல்" குடுத்தா மெயில் வந்த வழியைச் சொல்ற முழு ஹெட்டரோட தொறக்கும், அதை டவுன்லோட் பண்ணி இணைச்சு அனுப்புங்க, அனுப்பின பிறகு மெயிலை அழிச்சுக்கலாம், ஆனா உங்க பணம் போயிருந்தா கேஸ் முடியற வரைக்கும் அந்த மெயிலை மட்டும் அழிக்காதீங்க.